டோக்கன் இல்லாத ஆள்

ஜூன் 3, திங்கள்

என் பெயர் அங்கமுத்து. வயது அறுபத்தேழு. இந்த இரண்டு வரியையும் நானே எழுதினேன். யாரும் கையைப் பிடிக்கவில்லை.

முதியோர் கல்வி வகுப்பு டீச்சர் எல்லோருக்கும் ஒரு நோட்டுக் கொடுத்து, தினமும் ஏதாவது எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறார். "என்ன எழுதறது டீச்சர்?" என்றேன். "ரசம் சாப்பிட்டேன்னு எழுதினாலும் போதும் ஐயா" என்றார். இன்று ரசம் இல்லை. கத்தரிக்காய்க் குழம்பு.

விமானம் பழுது பார்க்கும் ஹேங்கரில் எனக்கு வேலை. முப்பது வருஷமாக அங்கே இருக்கிறேன். போன மாதம்தான் ஒன்று தெரிந்தது. பதினோரு வருஷமாக நான் எந்தத் தூணுக்குக் கீழே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கிறேனோ, அந்தத் தூணில் ஒரு போர்டு இருக்கிறது. அதில் "இங்கே உணவு அருந்தக் கூடாது" என்று எழுதியிருக்கிறது. படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். பிறகு வேறு இடம் பார்த்துக்கொண்டேன்.

ஜூன் 4, செவ்வாய்

என் வேலையை எழுதுகிறேன். ஒன்பது வருஷமாக டூல் ரூமில் இருக்கிறேன். ஒவ்வொரு கருவிக்கும் கறுப்பு ரப்பர் பலகையில் அதன் உருவத்திலேயே ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். ஸ்பேனருக்கு ஸ்பேனர் மாதிரி, லென்ஸுக்கு வட்டமாக. கருவி வாங்க வருகிறவர் தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனைத் தருவார். கருவியை எடுத்துக் கொடுத்துவிட்டு அந்தப் பள்ளத்தில் டோக்கனை மாட்டுவேன். திருப்பித் தரும்போது டோக்கனைத் திருப்பிக் கொடுப்பேன். பள்ளம் காலியாக இருந்து டோக்கனும் இல்லாவிட்டால் விமானத்தை வெளியே விடமாட்டார்கள். விட்டுப்போன ஒரு சின்ன ஸ்பேனர் இன்ஜினுக்குள் போனால் நூற்றெண்பது பேர் கதி என்னாவது?

இந்த வேலைக்கு எழுத்து தேவைப்படவில்லை. கண் போதும். ஒன்பது வருஷத்தில் ஒரு தப்பு இல்லை. இதை நான் சொல்லவில்லை, தேசிகன் சாரே சொல்வார்.

தேசிகன் சார் லைசன்ஸ் வாங்கிய இன்ஜினீயர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் போகும். நல்ல வேலைக்காரர். வாய்தான்.

ஜூன் 6, வியாழன்

இன்று அப்ரண்டிஸ் பிள்ளைகளுக்காகக் கேக் வெட்டினார்கள். நான்தான் பெட்டியைத் தூக்கி வந்தேன்.

போன ஆகஸ்டில் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். இப்போது ஏழு பேர். வருகிறார்கள், ஆறு மாதம் கற்றுக்கொள்கிறார்கள், ஸ்கூட்டர் ஃபேக்டரிக்குப் போய்விடுகிறார்கள். ஏன் போகிறார்கள் என்று மேலே இருப்பவர்கள் கூட்டம் போட்டுப் பேசினார்களாம். முதலில் டீ சர்ட் கொடுத்தார்கள். பிறகு மாதம் ஒரு தடவை சமோசா. இப்போது பிறந்தநாள் கேக்.

பிள்ளைகள் கேக் தின்றபடி பேசியது என் காதில் விழுந்தது.

"ஸ்கூட்டர் ஃபேக்டரில தப்புப் பண்ணா ஸ்கூட்டர்தான் நிக்கும்டா. இங்க தப்புப் பண்ணா தேசிகன் சார் நம்ம பரம்பரையையே நிக்க வெச்சுக் கேப்பாரு" என்றான் பரிதி. அவன் அதிகம் பேசாத பையன். அவனே இவ்வளவு பேசினான்.

ஜூன் 7, வெள்ளி

ஜெபக்கனியைப் பற்றி எழுத வேண்டும். அதுவும் அப்ரண்டிஸ் பெண்தான், சாத்தான்குளம் பக்கம். டோக்கன் பதினாலு. கருவி வாங்கும்போது வாய்விட்டுச் சொல்லித்தான் வாங்கும். "லென்ஸ் ஒண்ணு, டார்ச் ஒண்ணு, கண்ணாடி இல்ல." திருப்பித் தரும்போதும் அப்படியே. மற்றவர்கள் கேலி செய்வார்கள். அது கண்டுகொள்ளாது.

"லென்ஸ் எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"சக்கரம் மடங்கி உள்ள போவுதுல்லா தாத்தா, அந்தக் குழியில இரும்பு வெடிச்சிருக்கான்னு பாக்கணும். முடி மாதிரி விரிசல். வெறுங்கண்ணுக்குத் தெரியாது."

இந்தப் பிள்ளை போகாது என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னும் இரண்டு வருஷம் நின்றால் லைசன்ஸ் பரீட்சை எழுதலாமாம்.

ஜூன் 9, ஞாயிறு

இன்று நாள் முழுக்கப் படித்தேன். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். அதில் பெரிய எண்ணுக்குக் கீழே பொடிப்பொடியாக எவ்வளவு எழுதியிருக்கிறார்கள்! நல்ல நேரம், ராகுகாலம், சூலம், அன்றைய ராசிபலன். இத்தனை வருஷம் எண்ணை மட்டும் பார்த்துக் கிழித்துக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். எலுமிச்சம்பழ அளவுதான். ஒரு தடவைக்கு நாலைந்து எழுத்துதான் தெரியும். எனக்கு அதுவே சரி. நானும் நாலைந்து எழுத்தாகத்தான் படிக்கிறேன்.

என் மனைவி பச்சையம்மாள் வந்து பார்த்தாள். "இன்னாயா, வைரம் பாக்கறவன் மாதிரி குந்திக்கினுகீற? ஏது இது?"

"வேலை செய்யற எடத்துல இருக்கறது" என்றேன்.

"உனக்குக் குட்த்தாங்களா?"

துலாம் ராசிக்கு இன்று என்ன பலன் என்று அவளுக்குப் படித்துக் காட்டினேன். மேற்கொண்டு கேட்கவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

ரசம் சாப்பிட்டேன்.

ஜூன் 13, வியாழன்

இன்று மதியம் இரண்டு மணிக்குக் கருவிகளை எண்ணினோம். லென்ஸ் பள்ளத்தில் டோக்கன் பதினாலு தொங்கியது. லென்ஸ் வரவில்லை.

ஜெபக்கனியைக் கூப்பிட்டார்கள். "பத்து மணிக்கே குடுத்துட்டேனே. தாத்தா கையிலதான் குடுத்தேன். டோக்கன் கேட்டேன், 'அப்புறம் வாங்கிக்கம்மா'ன்னாவ. தாத்தா, சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஞாபகம் இல்லை என்றேன்.

தேசிகன் சார், "ஒம்போது வருஷமா இவர்கிட்ட ஒரு நட்டு தொலைஞ்சதில்ல. நேத்து வந்தவ இவர் மேல போடறியா?" என்றார்.

சாயந்திரம் கிளம்ப வேண்டிய விமானத்தை நிறுத்திவிட்டார்கள். சக்கரக் குழியில் தேடினார்கள். என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். நான் ஐந்து மணிவரை இருந்து தேடினேன்.

பஸ்ஸுக்கு நின்றேன். பிறகு வீட்டுக்கு வந்தேன்.

காலண்டர் தாள் படிக்கவில்லை.

ஜூன் 14, வெள்ளி

விமானம் அங்கேயே நிற்கிறது. வயிற்றுப் பக்கத்துப் பலகைகளை எல்லாம் கழற்றித் தேடுகிறார்கள்.

தரக்கட்டுப்பாட்டு அதிகாரி நசீமா மேடம் வந்தார். அந்த அம்மா சத்தம் போடுகிறவர் அல்ல. நாளைக்கும் கிடைக்காவிட்டால் பெரிய அதிகாரி பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால்தான் விமானத்தை விட முடியுமாம். அதற்கு, யார், எங்கே தொலைத்தார் என்று எழுத்தில் வேண்டுமாம்.

தேசிகன் சார் எல்லோர் முன்னாலும் ஜெபக்கனியைக் கேட்டார். "ஒரு லென்ஸைப் பத்திரமா வெச்சுக்கத் தெரியல. உன்னை நம்பி நூத்தியெண்பது பேரை ஏத்தறதா? ஊர்ல போய்க் கருவாடு காய வை."

மற்ற ஆறு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. தேடும்போது எங்கேயாவது ஒரு மூலையில் அது கண்ணில் பட்டுவிட்டால் போதும். டூல் ரூம் அலமாரிக்குப் பின்னால் என்று வைத்துக்கொள்வோம். யார் மேலும் குற்றம் வராது. விழுந்து உருண்டு போயிருக்கும் என்பார்கள். விமானமும் போகும், பிள்ளையும் பிழைக்கும்.

இன்று டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பச்சையம்மாள் திட்டினாள்.

ஜூன் 15, சனி

காலை ஆறு மணிக்கு டூல் ரூமில் யாரும் இல்லை. அலமாரிக்குப் பின்னால் போய் நின்றேன். குனிந்தும் விட்டேன்.

அப்போது ஜெபக்கனி வந்தது. என்னைத் தேடித்தான் வந்திருக்கிறது. கண் வீங்கியிருந்தது. கையில் ஒரு தாள்.

"தாத்தா, உங்க மேல பழி போட்டுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"என்னம்மா சொல்ற?"

"நான் உங்க கையில குடுத்த மாதிரிதான் இருக்கு. ஆனா நீங்க இல்லங்கிய. நீங்க தப்பாச் சொல்ல மாட்டிய. அப்பம் நான்தான் குழிக்குள்ள விட்டிருப்பேன். ராத்திரி பூரா யோசிச்சுப் பாத்தேன். என் கையை என்னாலயே நம்ப முடியல." தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "நான்தான் விட்டேன்னு எழுதிட்டேன். இதக் குடுத்துட்டு ஊருக்குப் போறேன். கையை நம்பாம இந்த வேலை செய்ய முடியாதுல்லா?"

இந்த இடத்தில் நான் நேராக எழுத வேண்டும். நோட்டில் மூன்று நாளாக நேராக எழுதவில்லை.

அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தாலும் இந்தப் பிள்ளை தன் கையைத் திரும்ப நம்பியிருக்காது. அது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"அந்தத் தாளக் குடும்மா" என்று வாங்கிக்கொண்டேன். நேரே நசீமா மேடம் அறைக்குப் போனேன். ஜெபக்கனி பின்னாலேயே வந்தது. டிபன் பாக்ஸைத் திறந்து, துணியில் சுற்றிய லென்ஸை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

மேடம் லென்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எங்க இருந்துது?"

"என்கிட்ட மேடம்."

தேசிகன் சாரும் வந்துவிட்டார். நடந்தது எழுத்தில் வந்தால்தான் விமானத்தை விட முடியும் என்றார் மேடம். "நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன். கீழ ரேகை வெச்சுடுங்க." என் விஷயத்தில் எப்போதும் அப்படித்தான் வழக்கம்.

"நானே எழுதறேன் மேடம்" என்றேன்.

எழுதினேன். ஒரு மணி நேரமும் கொஞ்சமும் ஆனது. வெளியே விமானம் நின்றது. தேசிகன் சார் நின்றார். அரை மணிக்கு ஒரு தடவை யாரோ ஃபோன் செய்து "ஆச்சா?" என்று கேட்டார்கள். "எழுதிக்கிட்டிருக்கார்" என்றார் மேடம். தேசிகன் சார் ஒருமுறை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இன்னும் வியாழக்கிழமையே முடியலையா?" என்றார்.

நான் எழுதியது இது:

"வியாழன் பத்து மணிக்கு ஜெபக்கனி லென்ஸை என் கையில் கொடுத்தது. நான் வாங்கினேன். டீ வேளையில் காலண்டர் தாள் படிக்க ஆசை. டோக்கனைத் திருப்பிக் கொடுத்தால் பள்ளம் காலியாகத் தெரியும். அதனால் கொடுக்கவில்லை. படித்தேன். லாரியில் சாமான் வந்தது. அவசரத்தில் லென்ஸைத் தாளோடு சேர்த்து டிபன் பையில் போட்டேன். மறந்தேன். எண்ணும்போது நினைவு இல்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது நினைவு வந்தது. திரும்பி வந்திருக்கலாம். வரவில்லை. இதற்கு முன்பும் சனிக்கிழமைகளில் எண்ணி முடித்த பிறகு வீட்டுக்கு எடுத்துப்போய்த் திங்கட்கிழமை வைத்திருக்கிறேன். கேட்டில் இருப்பவர் பழக்கம், பையைப் பார்க்கமாட்டார். ஜெபக்கனி மேல் ஒரு தப்பும் இல்லை. அங்கமுத்து."

வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கையெழுத்து நன்றாக வந்திருந்தது.

பதினொன்றரைக்கு விமானம் போனது.

வாசலில் ஜெபக்கனி நின்றது. மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"ரெண்டு நாள் தாத்தா" என்றது. "ரெண்டு நாள் கிறுக்கி மாதிரி என் கையையே பாத்துட்டுக் கெடந்தேன். நீங்க பக்கத்துல நின்னு என்கூடச் சேந்து தேடுனிய."

திரும்பி நடந்து போய்விட்டது.

ஜூன் 16, ஞாயிறு

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

நேற்று பக்ரீத். நசீமா மேடம் லீவு. அதனால் முடிவு இன்றைக்கு.

என்னை வேலைக்கு வைத்த கான்ட்ராக்டர் என்னை நிறுத்திவிட்டு வேறு ஆள் தருவதாகச் சொன்னார். தேசிகன் சாரும், "நிறுத்தறதுதான் சரி" என்றார். ஏழு அப்ரண்டிஸ்களும் கதவுக்கு வெளியே ஏதோ வேலை இருப்பது போல நின்றார்கள். எல்லோருக்கும் காது உள்ளே இருந்தது.

மேடம் கேட்டார்: "தப்பைத் தானா வந்து சொன்னா தண்டனை இல்லன்னுதானே இவங்களுக்கு மொதல் நாளே சொல்லிக் குடுக்கறோம்?"

"அது டெக்னீஷியனுக்கு மேடம். லைசன்ஸ் இருக்கறவனுக்கு. டூல் ரூம் கிழவனுக்கா?"

"சார், போன வருஷம் உங்க டார்ச் இறக்கைக்குள்ள இருந்து வந்துது. நீங்களே வந்து சொன்னீங்க. நான் என்ன பண்ணேன்?"

தேசிகன் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கதவுக்கு வெளியே இருப்பவர்களுக்கும் கேட்கும்படிதான் மேடம் மீதியைச் சொன்னார். "சொன்னதுக்குத் தண்டனை கிடையாது. ரெண்டு நாள் சொல்லாம இருந்ததுக்கு உண்டு. ஒரு வாரம் வேலைக்கு வரவேணாம் அங்கமுத்து. திரும்பி வரப்ப டூல் ரூம்லயே வேலை. சார், நீங்க அந்தப் பொண்ணுகிட்டப் பேசணும். எந்த எடத்துல திட்டினீங்களோ அந்த எடத்துல வெச்சு."

தேசிகன் சார் வெளியே போனார். எல்லோரும் இருந்தார்கள். ஜெபக்கனி முன்னால் நின்று, "லென்ஸ் உன்கிட்ட இல்லம்மா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கருவாடுன்னதும் தப்பு" என்றார். அவ்வளவுதான். அவருக்கு அதுவே பெரிசு.

ஜூன் 20, வியாழன்

வீட்டில் சும்மா இருக்கிறேன். கொடி கட்டினேன். வெங்காயம் உரித்தேன்.

ஜூன் 22, சனி

பச்சையம்மாள் நோட்டைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். "வேல இல்லாம நாலு நாளா வூட்ல குந்திக்கினுகீற. கேட்டா வாயத் தொறக்கல. இதுல இன்னா எழுதிக்கினுகீறன்னு பட்ச்சிக் காட்டு."

படித்தேன். பாதி தூரம் போனதும் நிறுத்தச் சொன்னாள்.

"நடுவுல ஒரு பக்கம் தள்ளிட்ட."

அவளுக்கு ஒரு எழுத்து தெரியாது. "உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"கொரலு மாறுதில்ல."

தள்ளியதையும் படித்தேன். கேட்டு முடித்துவிட்டு எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அங்கிருந்தபடியே, "அந்தப் பொண்ணு வேலைய வுட்டுப் போச்சா?" என்றாள்.

தெரியாது என்றேன்.

ஜூன் 26, புதன்

வேலைக்குப் போனேன். என் மேசைமேல் ஒரு பித்தளை டோக்கன் இருந்தது. நம்பர் முப்பத்தொன்று. ஒன்பது வருஷமாக எனக்கு டோக்கன் இல்லை. கருவி எடுக்கக் கூடாத ஆளுக்கு டோக்கன் எதற்கு என்று விட்டிருந்தார்கள். "யாரு கை வெக்க முடியுமோ அவங்களுக்கும் இருக்கணும். அது எங்க தப்பு" என்றார் நசீமா மேடம். லென்ஸை வீட்டுக்கு எடுத்துப்போக அது அனுமதி இல்லை என்றும் சொன்னார். கேட்காமலே சொன்னார்.

இனி ஏதாவது தப்பு நடந்தால் எழுத ஒரு ஃபாரமும் தமிழில் அடித்து ஒரு கட்டு வைத்திருக்கிறார்கள். முன்பு இங்கிலீஷில் மட்டும் இருந்தது.

அப்ரண்டிஸ்கள் ஆறு பேர் இருந்தார்கள். ஒரு பையன் ஸ்கூட்டர் ஃபேக்டரிக்குப் போய்விட்டான். ஜெபக்கனி இருந்தது.

லென்ஸும் டார்ச்சும் வாங்கியது. என்னைத் தாத்தா என்று கூப்பிடவில்லை. திருப்பித் தரும்போது நகராமல் நின்றது.

"டோக்கன்."

கொடுத்தேன். லென்ஸ் பள்ளத்தில் உட்காரும்வரை பார்த்துவிட்டுத்தான் போனது. நான் அதற்குத் தகுதியானவன்தான்.

ஜூன் 28, வெள்ளி

ஜெபக்கனி போகுமா இருக்குமா என்று பரிதியிடம் மெதுவாகக் கேட்டேன். "ராஜினாமாவ எழுதி பையிலயேதான் வெச்சிருக்கா. கிழிக்கவும் இல்ல, குடுக்கவும் இல்ல. நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டுதான் இருக்கோம்" என்றான்.

"எதை?"

"சொன்னா நெஜமாவே ஒண்ணும் ஆகாதான்னு."

"எனக்கு ஒண்ணும் ஆகலையே. ஒரு வாரம் வெங்காயம் உரிச்சேன். அவ்ளோதான்."

"நீங்க வயசானவரு. எங்களுக்கு என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்?"

ஜூலை 2, செவ்வாய்

இதை நிதானமாக எழுதப் போகிறேன். பச்சையம்மாள் சாப்பிடக் கூப்பிடுகிறாள். கூப்பிடட்டும்.

பத்தே முக்கால் மணி. ஒரு மணிக்கு விமானம் கிளம்ப வேண்டும். ஜெபக்கனி முன்சக்கரக் குழியிலிருந்து இறங்கி நேராக என் மேசைக்கு வந்தது. நெற்றியில் கிரீஸ்.

"ஒரு வாஷர் வழுக்கி உள்ள விழுந்துட்டு. எங்க போச்சுன்னு தெரியல. ஃபாரம் குடுங்க."

மெதுவாகச் சொல்லவில்லை. கருவி வாங்கும்போது சொல்லுமே, அதே குரல். ஹேங்கரில் அத்தனை பேருக்கும் கேட்டது. அரைக்காசு அளவு வாஷர். என் மேசைக்குப் பக்கத்துப் பெட்டியில் அதே வாஷர் இருநூறு கிடக்கிறது. ஒன்றை எடுத்துப்போய் மாட்டியிருந்தால் யாருக்கும் தெரியாது.

தேசிகன் சார் டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து வந்தார். ஆறு பேரும் அவர் வாயைப் பார்த்தார்கள். நானும்.

அவர் வாயைத் திறந்தார். மூடினார். கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு கேட்டார்: "எந்தப் பக்கம் விழுந்துது?"

"இடது பக்கம் சார். ரெண்டு தடவ சத்தம் கேட்டுது."

"ரெண்டுன்னா கீழ்த் தட்டுலதான் இருக்கும். டார்ச் எடுங்கடா எல்லாரும்."

பன்னிரண்டு நாற்பதுக்குக் கிடைத்தது. ஒரு ஒயர்க் கட்டுக்குப் பின்னால் இருந்ததாம். விமானம் இருபத்தைந்து நிமிடம் தாமதமாகப் போனது. தேசிகன் சார் யாரிடமோ ஃபோனில், "என் ஆளுங்க ஒண்ணைத் தேடினாங்க. கெடைச்சுது. விட்டோம். வேற என்ன வேணும் உங்களுக்கு?" என்று கத்தினார். அவர் "என் ஆளுங்க" என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அதன் பிறகு ஜெபக்கனி என் மேசையில் குனிந்து ஃபாரத்தை எழுதியது. எவ்வளவு வேகம்! நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்ததால் எழுத்துகள் எல்லாம் எனக்குத் தலைகீழ். கடைசிக் கேள்வி: "மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்வீர்கள்?" அதற்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதியது.

அது எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்னால் பரிதி வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"எனக்கும் ஒரு ஃபாரம் தாத்தா. உள்ள நிக்கிற அந்த ரெண்டாவது விமானத்துல, நேத்து ஒரு போல்ட்டை அளவுக்கு மேல முறுக்கிட்டேன்னு நெனைக்கிறேன். பாத்துடலாம்."

தேசிகன் சார் அப்படியே ஒரு கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்தார். "நேத்தா? நேத்து ஏன்டா சொல்லல?"

"நேத்து பயமா இருந்துது சார்."

சார் எல்லோர் பக்கமும் திரும்பினார். "இன்னும் எவனாவது இருக்கீங்களா? இருந்தா எல்லாரும் ஒரேயடியா வந்துடுங்க. தனித்தனியா என்னைச் சாகடிக்காதீங்க" என்றார். யாரோ சிரித்துவிட்டார்கள். சாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜெபக்கனி ஃபாரத்தை என்னிடம் நீட்டியது. நேராகத் திருப்பிப் படித்தேன். நாலைந்து எழுத்தாகத்தான் படித்தேன், அது காத்திருந்தது. கடைசி வரி: "இனிமேல் தினமும் வாஷர்களை எண்ணி வாங்கி, மீதியை எண்ணித் திருப்பித் தருவேன்."

இனிமேல் தினமும். போகிறவர்கள் இப்படி எழுதமாட்டார்கள்.

"படிச்சாச்சா?" என்றது. "முழுசாப் படிச்சியளா?"

"முழுசும்" என்றேன்.

கட்டிலிருந்து இன்னொரு ஃபாரத்தை உருவிப் பரிதியிடம் கொடுத்தேன்.